மாடிக் கொடிக்கு ஓர் அட்டவணை

என் வீட்டுக்காரர் முப்பத்து மூன்று வருஷம் பேருந்துகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று கட்டம் கட்டமாக எழுதுகிற வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவர் கைவசம் ஒரு வண்டியும் மிச்சமில்லை. நான் ஒருத்திதான் இருந்தேன்.

"ஏம்மா, நேத்து டீ ஏழு அஞ்சுக்கு வந்துச்சு. இன்னிக்கு ஏழு பதினொண்ணு. ஒரு நேரம்னு வெச்சுக்கக் கூடாதா?"

"பால் எப்பப் பொங்குதோ அப்பத்தான் டீ. வேணும்னா பால்கிட்ட பேசிப் பாருங்க."

பாலிடம் பேசவில்லை. பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினார். டீ, குளியல், காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, எல்லாவற்றுக்கும் நிமிடம் போட்டிருந்தது. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது மாதம் ஒருநாள் நான் வெங்காயம் நறுக்கும்போது பின்னால் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கத்தி என் கையில் இருக்கிறது என்பதைக்கூட அந்த மனிதர் யோசிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் கட்டடத்தில் துணிக்கொடிச் சண்டை வந்தது. கட்டடத்தில் எட்டு வீடு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மொட்டைமாடி, துணி காயப்போட ஆறு கொடி. மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். வெயில் எட்டிப் பார்த்தால் போதும், வீட்டிலிருக்கும் நாலு கம்பளிப் போர்வையையும் தூக்கிவந்து நடுக்கொடி முழுக்க விரித்துவிடுவார். அதனால் அவருக்குப் போர்வையக்கா என்றே பெயர். முதல் மாடியில் தையல்காரம்மா. வாடிக்கைக்காரர் ஒருவருக்காகத் தைத்து, அலசிப் போட்டிருந்த நீலக் கவுன் யாருடைய துணியோடோ கலந்துபோய், மூன்று நாள் கழித்து யார் வீட்டு அலமாரியிலிருந்தோ கசங்கி வந்து சேர்ந்தது. கவுன் திரும்பிவிட்டது, கோபம் போகவில்லை. போர்வை கொடியையே அடைக்கிறது என்று தையல்காரம்மா சொல்ல, ஊராருக்குத் தைத்த துணியை வீட்டுக் கொடியில் போடலாமா என்று போர்வையக்கா சொல்ல, படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. இதற்கு ஒரு முறை வேண்டும் என்று எட்டு வீடும் சொன்னது.

நான்தான் வாயைத் திறந்தேன். "எங்க வீட்டுக்காரர்கிட்ட விடுங்க. பத்தே நாள்ல ஒழுங்கு பண்ணிடுவார்."

என் சமையலறையைக் காப்பாற்றிக்கொள்ள மொட்டைமாடியைப் பலி கொடுத்தேன். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் பழியெல்லாம் அவர் தலையில் விழும். அது நியாயமில்லை.

நாலு நாள் அவர் மாடியிலேயே குடியிருந்தார். எந்தக் கொடியில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எப்போது நிழல் வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு துண்டு காய எவ்வளவு நேரம், ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து எழுதினார். ஐந்தாம் நாள் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய அட்டவணை மாடிக் கதவில் ஏறியது. ஆறு கொடியையும் எட்டு வீட்டுக்கு நேரம் பிரித்து, வீட்டுக்கு ஒரு கொடி, ஒரு நேரம். துணி கொண்டுவரும் நேரத்துக்கு மேல் 'வருகை' என்றும், எடுக்கும் நேரத்துக்கு மேல் 'புறப்பாடு' என்றும் எழுதியிருந்தது. என் உள்பாவாடைக்கு வருகை ஒன்பதரை, புறப்பாடு பன்னிரண்டு ஐந்து. வீட்டுக்கு ஒரு நிறம் என்று எட்டு நிறத்தில் கிளிப்புகள்கூட வாங்கிக் கொடுத்தார். எங்களுக்குப் பச்சை.

கீழே ஒன்பது விதிகள். அவற்றில் ஆறாவது, கவுனுக்காகப் போட்டது: 'பிறர் துணியை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.'

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், முதல் இரண்டு வாரம் ஜோராக நடந்தது. போர்வைகள் சுவரோரக் கொடிக்குப் போயின. கவுன் எதுவும் காணாமல் போகவில்லை. படிக்கட்டில் பார்க்கிறவர்களெல்லாம் "டைம் சார், சூப்பர் சார்" என்றார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிரிட்ஜ் கதவு அட்டவணை எப்போது காணாமல் போனது என்று அவர் கேட்கவேயில்லை. நான் என் இஷ்டத்துக்கு வெங்காயம் நறுக்கினேன்.

உண்மையில் மாடியில் முன்பே ஒரு முறை இருந்தது. யாரும் எழுதிவைக்காததால் அப்படி ஒன்று இருப்பது எங்களுக்கே தெரியவில்லை. முதலில் வருகிறவருக்குக் கிழக்குக் கொடி. இடமில்லாவிட்டால் அடுத்தவருடைய காய்ந்த துணியை ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம். தள்ளுவது தப்பில்லை, கீழே போடுவதுதான் தப்பு. மழை வந்தால், வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் படிக்கட்டு வளைவில் நின்று "மழை!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடுவார். கைக்கு எட்டியதையெல்லாம் உருவிக்கொண்டு வந்து, படி உச்சியில் கிடக்கும் பழைய பெஞ்சில் குவித்துவிடுவார். சாயங்காலம் அவரவர் துணியை அவரவர் பொறுக்கிக்கொள்வோம். அதற்கு நன்றி சொல்கிற வழக்கமெல்லாம் கிடையாது. சொன்னால் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வாரம் காற்றடித்த ஒருநாள், போர்வையக்காவின் தலையணை உறை கீழே விழுந்து கிடந்தது. தையல்காரம்மா அதை எடுத்து உதறி, தன்னுடைய சிவப்புக் கிளிப்பைப் போட்டு மாட்டிவிட்டு வந்திருக்கிறார். பழைய கோபம் போர்வையக்காவிடம் மிச்சம் இருந்தது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், என் துணியில செவப்புக் கிளிப்பு. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே?"

என் வீட்டுக்காரர் அரைமணி நேரம் யோசித்தார். பிறகு கையெழுத்து மணிமணியாக ஒரு தாள் எழுதி, கீழே தகவல் பலகையில் ஒட்டினார். 'தையல் வீடு: முதல் எச்சரிக்கை.'

தையல்காரம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சண்டை போடவில்லை. "இனிமே கீழ விழுந்தா விழுந்தபடியே கெடக்கட்டும். நமக்கென்ன வந்துச்சு," என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து எட்டு வீட்டுக்கும் அதே பேச்சு. மாடித் தரையில் ஒரு கறுப்பு சாக்ஸ் ஒன்பது நாள் கிடந்தது. எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். நானும் தாண்டினேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். தனியாகத்தான் இருக்கிறாள், என்னை அக்கா என்பாள். அவளிடம் இரண்டே வெள்ளைச் சீருடைதான் உண்டு. ஒன்று உடம்பிலும் மற்றொன்று கொடியிலும் இருக்கும். விடிகிறபோதே வேலைக்குப் போய்விடுவதால், மழை வந்தால் அவளுடையதை எடுப்பது வழக்கமாக நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம் படிக்கட்டில் யாரும் குரல் கொடுப்பதில்லை; நானும் கொடுக்காமல் மாடிக்கு ஓடினேன். எங்கள் பச்சைக் கிளிப்புத் துணிகளையெல்லாம் உருவித் தோளில் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் கொடியில் மஞ்சள் கிளிப்பில் நர்ஸின் சீருடை. கை தானாக அதை நோக்கிப் போனது. போன கை நின்றுவிட்டது. முதல் எச்சரிக்கை எழுதினவருடைய பெண்டாட்டியே விதியை மீறினால் அவருக்கு என்ன மரியாதை மிஞ்சும்? ஓய்வுக்குப் பிறகு அவர் தலைநிமிர்ந்து படியிறங்குவதே இந்த அட்டவணையால்தான். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில் நாலு சீருடையை எடுத்திருக்கலாம். பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. வெள்ளைத் துணி சாம்பலாகிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, எங்கள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பிறகு நாள் முழுக்க எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

மறுநாள் விடிகாலையில் எதிர்வீட்டில் இஸ்திரிப் பெட்டி ஈரத்துணியில் சீறுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். காலரும் இடுப்பும் இன்னும் ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தன.

"ஐயோ, ஈரத்தோடவா போற?"

"பரவால்லக்கா, நடக்குறதுக்குள்ள காஞ்சிடும்," என்று சிரித்தாள். "நேத்து நீங்க வீட்ல இல்ல போல."

"ஆமாம்மா, கடைக்குப் போயிருந்தேன்," என்றேன்.

வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. உள்ளே வந்தேன். அவர் டீக்காகக் காத்திருந்தார்.

"உங்க ஆறாம் நம்பரை எடுத்துடுங்க," என்றேன்.

"எதை?"

நடந்ததைச் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஒரு ஆள் கஷ்டப்பட்டுச்சுன்னு ரூலை எடுத்தா, நாளைக்கு மறுபடியும் கவுன் காணாமப் போகும். அப்ப என்னைத்தானே கேப்பாங்க?"

"மணிக்கூண்டு ஸ்டாப்புல நாலு நிமிஷம் நிப்பாங்களே, ஞாபகமிருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லாமல் எப்படி இருக்கும்? மணிக்கூண்டு நிறுத்தத்தில் ஆலை வண்டி வந்து சேர்வதும், பாலத்துக்குப் போகிற வண்டி கிளம்புவதும் ஒரே நேரம். ஆலை வண்டி கொஞ்சம் பிந்தினால், இறங்கி ஓடிவருகிறவர்களுக்காகப் பாலத்து வண்டி ஓட்டுநர் நிற்பார். யாரும் அவரை நிற்கச் சொன்னதில்லை. எந்த அட்டவணையிலும் அது இல்லை. இவருக்குத் தெரியும், தெரிந்து, அதற்கடுத்த நிறுத்தங்களில் ஓசைப்படாமல் நேரத்தைத் தளர்த்தி எழுதிவைப்பார். புதிதாக வந்த ஓர் அதிகாரி, நல்ல பழக்கம்தானே, நாலு நிமிடம் நிற்க வேண்டும் என்று விதியாகவே எழுதிவிடுங்கள் என்றார். இவர் முடியாது என்று மல்லுக்கட்டிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒரே வீரப்பேச்சு.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"விடும்மா."

"நானே சொல்றேன். 'எழுதினா நாலு நிமிஷம் கரெக்டா நின்னுட்டு, அஞ்சாவது நிமிஷம் ஓடிவர்ற பொம்பளைய விட்டுட்டுப் போயிடுவான். இப்ப அவ மூஞ்சியப் பாத்து நிக்கிறான். எழுதினா கடிகாரத்தப் பாத்து நிப்பான்.' இதை ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் நீங்க."

"அது பஸ்ஸு. இது துணி."

"ஆமா, துணியைத் துணியே போட்டுக்கிட்டு வேலைக்குப் போகுது பாருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு டீ ஏழு இருபத்து மூன்றுக்கு வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அட்டவணை கதவிலேயே இருந்தது, ஆறாம் விதியும் இருந்தது. மனிதருக்கு அவருடைய வாயாலேயே அடி விழுந்திருக்கிறது. அதற்குமேல் நான் வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனைக்கு வரவும் மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்துக்கொண்டு, பழக்கத்தில் நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு தலை இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தது. தலைமேல் பூப்போட்ட தலையணை உறை ஒன்று. தோளில் ஏழெட்டு நிறத்தில் துணி. கிளிப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் இழுத்து இழுத்து உருவிக்கொண்டிருந்தார். கிளிப்புகள் தெறித்துத் தெருவில் என் காலடியில் வந்து விழுந்தன. ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்.

"மழை!"

பணிமனையில் வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கள் கட்டடத்தில் கேட்டு ஐந்து வாரமாகியிருந்தது. ஒவ்வொரு மாடியாகக் கதவுகள் திறந்தன. படிக்கட்டு ஜன்னல்கள் வழியாக ஆட்கள் மேலே ஓடுவது தெரிந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பையிலிருந்த தக்காளி நனைந்தது. நனையட்டும் என்றிருந்தது.

நான் மூச்சிரைக்க மாடிக்குப் போனபோது பாதிக் கொடிகள் காலி. சுவரோரக் கொடியில் ஒரு கம்பளிப் போர்வையோடு போர்வையக்கா மல்லாடிக்கொண்டிருந்தார். நனைந்த கம்பளியை ஓர் ஆளால் தூக்க முடியாது. தையல்காரம்மா போய் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் மூன்று போர்வையைச் சுமந்தார்கள். நாலாவதில் போர்வையக்காவால் பொறுக்க முடியவில்லை.

"மெதுவா, படி வழுக்கும்," என்றார்.

"நீங்க பாத்து வாங்க. என்னைச் சொல்ல வந்துட்டீங்க," என்றார் தையல்காரம்மா. சமாதானமாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

பெஞ்சு கொள்ளாததால் துணியெல்லாம் எங்கள் கூடத்துக்கு வந்தது. சோபாவில், மேஜையில், தரையில் என்று எட்டு வீட்டுத் துணி. என் வீட்டுக்காரர் நடுவில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, எது யாருடையது என்று தெரியாமல் விழித்தார். நிறம் பார்த்துப் பிரிக்கலாமென்றால் கிளிப்பெல்லாம் தெருவில் கிடக்கிறது.

"இது யாரோட சட்டை?" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"சார், அது உங்களோடது," என்றார் தையல்காரம்மா. கூடம் முழுக்கச் சிரிப்பு.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். தரையோடு கிடந்த அந்தக் கறுப்பு சாக்ஸையும் அவர் அள்ளி வந்திருந்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த நர்ஸ் அதைக் கையிலெடுத்து, விரலால் நீவிப் பார்த்தாள். "குதிகால்ல பச்சை நூல்ல தச்சிருக்கு. இதோட ஜோடி யார்கிட்ட இருக்கு?"

பச்சை நூலில் தைத்தது நான். ஒன்பது நாளாக அலமாரியைத் தலைகீழாகப் புரட்டி ஒற்றை சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். தினம் மாடிக்குப் போய் அட்டவணை சரியாக நடக்கிறதா என்று பார்த்தவர், அதைத் தாண்டிப் போய்த்தான் பார்த்திருக்கிறார்.

"அடுத்தவங்க சாக்ஸுன்னு நெனச்சேன்," என்றார்.

சிரித்துச் சிரித்துப் போர்வையக்காவுக்குப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஓய்வு பெற்ற பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் தகவல் பலகையில் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்பீஸால் ஒரு வரி எழுதியிருந்தது: 'டைம் சார் வீடு: முதல் எச்சரிக்கை.' அவர் அதை நின்று நிதானமாகப் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போய் மாடிக் கதவிலிருந்த அட்டவணையைக் கழற்றினார். அதற்குப் பதிலாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டினார். போர்வைகள் சுவரோரக் கொடியில். தைக்கக் கொடுத்த துணிக்குத் தனிக் கொடி. அவ்வளவுதான்.

"ரெண்டுதானா?" என்றேன்.

"இந்த ரெண்டுக்குத்தான் சண்டை வந்துச்சு. மீதி ஏழும் நான் சும்மா இருக்க முடியாம எழுதினது."

கொஞ்ச நேரம் கழித்து, "டீ நான் போடட்டுமா?" என்று கேட்டார். போட்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பின்னால் போய் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆசை யாரை விட்டது?

எனக்கு ஒரு பாரம் மட்டும் மிச்சமிருந்தது. சாயங்காலம் நர்ஸ் மாடியில் படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னிக்கு செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போகலம்மா. வீட்லதான் இருந்தேன்."

"தெரியும்க்கா," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"நான் வந்து பாக்குறப்ப எல்லார் துணியும் கொடியில நனைஞ்சு தொங்குச்சு. உங்க கொடி மட்டும் காலியா இருந்துச்சு."

தெரிந்துகொண்டுதான் மறுநாள் வாசலில் அப்படிக் கேட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொள்ள ஒரு பொய்யை அவளே எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் என்னை ஒன்றும் சொல்லவிடவில்லை. விரிப்பின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"அந்த முனையைப் புடிங்கக்கா. தனியா மடிச்சா தரையில படுது."

பிடித்தேன்.